மேலே படிக்க வைக்கலாமா? – குழுவில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்



சென்ற மாதம் சாரத்தில் நமது கூட்டமைப்பு அலுவலகத்தில் ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டம் நடந்தது. கடன் மனுக்களைப் படித்துக்கொண்டிருந்தோம். கறவை மாடு வாங்க, கூரை மாற்ற, தையல் மிஷின் வாங்க என்று வழக்கமான மனுக்கள். நடுவில் ஒரு மனு வேறு மாதிரி இருந்தது. வில்லியனூர் பக்கத்துக் கிராமக் குழு உறுப்பினர் ஒருவர், "மகளின் மேல்படிப்புக்கு ரூ.60,000" என்று எழுதியிருந்தார். என்ன படிப்பு, எந்தக் கல்லூரி, எத்தனை வருஷம்... எதுவும் இல்லை.

"என்ன படிப்புக்கா?" என்று கேட்டோம்.

"அதான் மேடம் தெரியல. பி.எஸ்சி. கணக்கு முடிச்சிட்டா. எம்.எஸ்சி. படிக்கிறேங்குறா. அவ மாமா பி.எட். படிக்க வை, டீச்சர் ஆயிடுவாங்குறார். ஒருத்தர் வீட்டுக்கே வந்து எம்.பி.ஏ.வுல சேத்து விடறேன், வேலை கேரண்டின்னு சொல்லிட்டுப் போனார். எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் வேணாம், சேதராப்பட்டு கம்பெனிக்குப் போவட்டும், ரெண்டு வருஷத்துல கட்டிக் குடுத்துடலாங்குறார். நான் யார் பேச்சைக் கேக்குறது?"

அவ்வளவுதான், கூட்டமே பேச ஆரம்பித்துவிட்டது. "படிக்க வை, நாம பட்ட கஷ்டம் அவ படவேணாம்" என்றார் ஒருவர். "எம்.ஏ. படிச்சிட்டு எங்க தெருப் பொண்ணு வீட்லதான் இருக்குது" என்றார் இன்னொருவர். "அதிகமா படிச்சா அதுக்கேத்த மாப்பிள்ளை தேடணும், அதுக்கேத்த சீரும் கேப்பான்" என்றார் மூன்றாமவர். மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் என்ன படிக்கலாம் என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். டிகிரி முடித்த பிறகு என்ன என்று பேசியதே இல்லை. காரணம், பத்துப் பதினைந்து வருஷம் முன்பு நம் குழு வீடுகளில் அந்தக் கேள்வியே அதிகம் வரவில்லை. இப்போது வருகிறது. நாடு முழுவதும் கல்லூரிகளில் படித்த 4.33 கோடிப் பேரில் 2.07 கோடிப் பேர் பெண்கள் என்கிறது மத்திய அரசின் 2021–22 உயர்கல்விக் கணக்கெடுப்பு. கிட்டத்தட்ட சரிபாதி! இது பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே நேரம், முதல் முறையாக ஒரு வீட்டில் இந்த முடிவை எடுக்கும்போது வழிகாட்ட அந்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் தவறு ஒன்று

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன்பு இதே போல ஒரு மனு வந்தது. பி.காம். முடித்த பெண்ணை மேலாண்மைப் படிப்பில் சேர்க்கக் கடன். அன்றைக்கு நாங்கள் கைதட்டி வரவேற்றோம். "படிப்புக்குக் கடன் கேட்ட முதல் உறுப்பினர்" என்று மாலை போடாத குறைதான். ஆனால் எந்த நிறுவனம், அதற்கு அனுமதி உண்டா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு கேள்வி கூட நாங்கள் கேட்கவில்லை. குழுக் கடன் பத்தாமல் அந்தச் சகோதரி இன்னும் இரண்டு இடத்தில் வட்டிக்கு வாங்கினார். அந்தப் படிப்புக்கு உரிய அனுமதியே இல்லை என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. இன்று அந்தப் பெண் துணிக்கடையில் பில் போடுகிறாள். பி.காம். படிப்புக்கே கிடைத்திருக்கும் அதே சம்பளம். கடன் அடைக்க அம்மா இரண்டு மாட்டை விற்றார்.

அவரை அண்மையில் பார்த்தபோது சொன்னார்: "படிக்க வெச்சதுக்கு வருத்தப்படல மேடம். கேக்காம சேத்ததுக்குத்தான் வருத்தப்படறேன்."

கேட்காமல் விட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கடனில் கையெழுத்துப் போட்ட குழுவுக்கும் பங்கு உண்டு. எனவே இனி படிப்புக் கடன் மனு வந்தால் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை இங்கே தருகிறோம். மாட்டுக் கடன் கேட்டால் எத்தனை ஈத்து, எவ்வளவு பால் என்று கேட்கிறோம் அல்லவா? படிப்புக்கும் அப்படித்தான்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

கேள்விகளுக்குப் போகுமுன் ஒரு பழைய கதை. உண்மையில் நடந்தது. நமக்குப் பக்கத்தில், திண்டிவனத்தில் நடந்தது.

1890-களின் தொடக்கம். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவர் திண்டிவனத்தில் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர், 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் பள்ளிப்படிப்பு முடித்து, உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்திருந்தார். இங்கே தங்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அம்மாவுக்குச் சரியானதும் அமெரிக்கா போய்விட வேண்டும் என்றுதான் இருந்தார்.

ஓர் இரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வலி, பிள்ளை பிறக்காமல் உயிருக்குப் போராட்டம். "நீங்கள் வாருங்கள்" என்று ஐடாவைக் கூப்பிட்டார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவுதான் ஐடாவின் மனதை மாற்றியது. டாக்டருக்குப் படிப்பது என்று முடிவெடுத்தார். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். 1918-இல் பெண்களுக்காகவே அங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பெண்கள் விண்ணப்பம் போட்டாலே பெரிசு என்று அதிகாரி ஒருவர் சொன்னாராம். முதல் வருஷமே 151 விண்ணப்பம் வந்தது! அதுதான் இன்று நமக்கெல்லாம் தெரிந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் கல்லூரியும்.

அதே காலத்தில் நம் தமிழ்ப் பெண் ஒருவரும் போராடினார். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது அவர் முயற்சியால்தான்.

இந்தக் கதைகளில் நமக்கு என்ன பாடம்? எல்லாரும் டாக்டர் ஆக வேண்டும் என்பதல்ல. ஐடா "ஏதாவது மேலே படிப்போம்" என்று போகவில்லை. செய்ய வேண்டிய வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொண்டார். அதற்கு எந்தப் படிப்பு வேண்டுமோ அதைத் தேடிப் போனார். வேலை முதலில், படிப்பு அதன் பின்னால்.

கேள்வி 1: எந்த வேலைக்கு இந்தப் படிப்பு?

"டிகிரி முடிச்சிட்டு சும்மா இருக்க வேணாமேன்னு சேத்தோம்" என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். வேலை கிடைக்காததால் படிப்பு, கல்யாணம் அமையாததால் படிப்பு. தப்பில்லை. ஆனால் அதற்குக் கடன் வாங்கக் கூடாது.

மகளிடம் கேளுங்கள்: "இதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போவே?" அவளுக்கே தெரியவில்லை என்றால் திட்டாதீர்கள். அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் அழைத்துப் போங்கள். டீச்சர் ஆக ஆசையா? பக்கத்துப் பள்ளி டீச்சரிடம் அரை மணி நேரம் பேசட்டும். வக்கீல் ஆகணுமா? ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கட்டும். "இந்த வேலைக்கு வர என்ன படிச்சீங்க? எத்தனை வருஷம் காத்திருந்தீங்க? முதல் சம்பளம் என்ன?" இந்த மூன்றையும் கேட்டு வரட்டும். காசு செலவில்லாத ஆலோசனை இது.

கேள்வி 2: அந்த வேலைக்கு இந்தப் பட்டம் தேவையா? போதுமா?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சில வேலைக்கு மேல்படிப்பே தேவையில்லை. சில வேலைக்கு ஒரு மேல்படிப்பு போதாது. முக்கியமான சிலவற்றைப் பார்ப்போம்.

அரசு எழுத்தர், வங்கி வேலை: வங்கி எழுத்தர் (கிளார்க்) தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். தமிழ்நாட்டில் குரூப்–2 தேர்வுக்கும் டிகிரி போதும். இதற்காக எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வருஷத்தில் தேர்வுக்குத் தயார் செய்யலாம்.

ஆசிரியர் வேலை: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக் கொடுக்க, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு படிக்கும் தொடக்கக் கல்வி டிப்ளமோ வேண்டும். பி.எட். படித்தவர்கள் அந்த வகுப்புகளுக்குத் தகுதி இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு முதல் பத்து வரை என்றால் டிகிரியோடு பி.எட். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வும் (டெட்) எழுத வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புக்கு என்றால் முதுகலைப் பட்டம், பி.எட். இரண்டும் வேண்டும். பி.எட். 2015 முதல் இரண்டு வருஷப் படிப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பு போல ஒரு வருஷத்தில் முடிந்துவிடாது.

கல்லூரி ஆசிரியர்: முதுகலையில் 55 விழுக்காடு மார்க்கோடு 'நெட்' அல்லது 'செட்' தேர்வில் தேற வேண்டும், அல்லது பி.எச்டி. முடிக்க வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மார்க்கில் சலுகை உண்டு. 'நெட்' தேர்வில் நல்ல மார்க் வாங்கி ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், ஆராய்ச்சி செய்ய மாதம் ரூ.37,000 உதவித்தொகை தருகிறார்கள் (2023 ஜனவரி முதல் இந்தத் தொகை). படிப்பதற்குச் சம்பளம் மாதிரி!

வக்கீல்: எந்த டிகிரி முடித்தவரும் மூன்று வருஷச் சட்டப் படிப்பு படிக்கலாம். புதுச்சேரியில் காலாப்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. முடித்தபின் பார் கவுன்சிலில் பதிய வேண்டும், அகில இந்தியப் பார் தேர்வும் எழுத வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு ரூ.750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.125. அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதல் சில வருஷம் சீனியர் வக்கீலிடம் வேலை பழக வேண்டும், அப்போது வருமானம் குறைவாகத்தான் இருக்கும். வீடு அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

எம்.பி.ஏ., எம்.சி.ஏ.: எங்கே படித்தோம் என்பதைப் பொறுத்தே மதிப்பு. நல்ல இடத்தில் படித்தால் கம்பெனிகள் தேடி வரும். பேர் தெரியாத இடத்தில் படித்தால் வெறும் காகிதம்.

கேள்வி 3: படிக்கும் இடம் உண்மையானதா?

வீட்டுக்கே வந்து "சேர்த்து விடறேன்" என்று சொல்பவர் யாருக்காக வருகிறார்? ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அவருக்குக் கமிஷன். இதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. அவ்வப்போது வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி முகவரி போட்ட ஒன்றும் இருந்திருக்கிறது. அது எங்கோ வடநாட்டில் நடப்பது என்று இருந்துவிட முடியாது.

என்ன பார்க்க வேண்டும்?

• பி.எட். என்றால் என்.சி.டி.இ. அனுமதி. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் ஏ.ஐ.சி.டி.இ. சட்டம் என்றால் இந்திய பார் கவுன்சில். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில். கல்லூரி காட்டும் நோட்டீசை மட்டும் நம்ப வேண்டாம். அந்த அமைப்பின் இணையதளத்தில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள். செல்போனிலேயே பார்க்கலாம்.

• "அஞ்சல் வழியில் நர்சிங், அஞ்சல் வழியில் சட்டம், அஞ்சல் வழியில் இன்ஜினியரிங்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தப் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. விதி அனுமதிப்பதில்லை.

• அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. சேரும்போது சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

• பணம் எவ்வளவு கட்டினாலும் ரசீது வேண்டும். ரசீது இல்லாத பணம் "நன்கொடை" அல்ல, நட்டம்.

நம் பக்கத்தில் நல்ல அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. லாஸ்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் அரசு பட்டமேற்படிப்பு நிறுவனம் முதுகலைக்காகவே உள்ளது. காலாப்பட்டில் 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே முதுகலையில் சேர 'கியூட் பி.ஜி.' என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சில பாடங்களில் புதுச்சேரி மாணவர்களுக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேர்வு அறிவிப்பு டிகிரி முடிவதற்கு முன்பே, கடைசி வருஷம் படிக்கும்போதே வந்துவிடும். ரிசல்ட் வந்தபின் தேடினால் தேதி போய்விடும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்! புதுச்சேரியில் தொழிற்படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 'சென்டாக்' வழியாக விண்ணப்பிக்க வேண்டும். குடியிருப்பு, சாதி, வருமானச் சான்றுகளைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கேள்வி 4: மொத்தச் செலவு என்ன? பணம் எங்கிருந்து?

ஃபீஸ் மட்டும் செலவு அல்ல. தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ், ஹாஸ்டல், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் எழுதுங்கள். இன்னொன்றையும் எழுதுங்கள்: விட்ட சம்பளம். அந்த இரண்டு வருஷம் வேலைக்குப் போயிருந்தால் என்ன வந்திருக்கும்?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். படிப்புச் செலவு ரூ.60,000. வேலைக்குப் போயிருந்தால் மாதம் ரூ.10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 24 மாதத்துக்கு ரூ.2,40,000. ஆக உண்மைச் செலவு ரூ.3,00,000. படித்தபின் மாதம் ரூ.5,000 கூடுதலாக வந்தால் வருஷத்துக்கு ரூ.60,000. ஐந்து வருஷத்தில் போட்டதை எடுத்துவிடலாம். மாதம் ரூ.1,000 தான் கூடும் என்றால்? எடுக்க 25 வருஷம் ஆகும்!

இந்தக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை. படிப்பு தரும் தைரியம், நாலு பேர் முன் பேசும் பழக்கம், தன் காலில் நிற்கும் துணிவு, இவற்றுக்கு ரூபாய் போட முடியாது. ஆனால் கடன் வாங்கும்போது ரூபாய்க் கணக்கு தெரிந்தே வாங்க வேண்டும்.

இப்போது கடன். அதே ரூ.60,000-ஐ வாங்கி, இரண்டு வருஷம் அசல் கட்டாமல் இருந்தால் வட்டி எவ்வளவு?

• குழு உள்கடன், நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி: ரூ.14,400
• வெளியில் 2 ரூபாய் வட்டி: ரூ.28,800
• 5 ரூபாய் வட்டி: ரூ.72,000 (அசலைத் தாண்டிவிட்டது!)
• வங்கிக் கல்விக் கடன், வருஷத்துக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால்: ரூ.12,000

வங்கிக்கு வங்கி வட்டி மாறும். ஆனாலும் கல்விக் கடனில் பெரிய வசதி ஒன்று உண்டு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானமோ வெளி ஜாமீனோ தேவையில்லை, பெற்றோர் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். 2024 நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மத்திய அரசு நிறுவனங்களிலும், தேசியத் தரவரிசையில் மேலே உள்ள நிறுவனங்களிலும் இடம் கிடைத்தவர்கள் இதில் அடமானம் இல்லாமல் கடன் கேட்கலாம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால் ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. விண்ணப்பம் இணையத்தில்தான். மேனேஜர் வாயால் "இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். விண்ணப்பம் போட்டு, காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடனுக்கு முன் உதவித்தொகை! குடும்ப வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. 2023–24-இல் தொடங்கிய முதுகலை தேசிய உதவித்தொகையில், தேர்வானால் மாதம் ரூ.15,000 வீதம் வருஷத்துக்குப் பத்து மாதம் தருகிறார்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தேதி தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். எல்லையோரத் தமிழ்நாட்டுக் கிராமச் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு: புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ரூ.1,000 இளங்கலை வரைக்கும்தான். அதை நம்பி முதுகலைக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி 5: அவள் என்ன சொல்கிறாள்?

கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். மாமா சொன்னது, அப்பா சொன்னது, ஏஜென்ட் சொன்னது எல்லாம் வந்தது. படிக்கப் போகிற பெண் என்ன நினைக்கிறாள் என்று கடைசியில்தான் ஒரு வயதான உறுப்பினர் கேட்டார்: "பொண்ணைக் கூப்ட்டுக் கேட்டீங்களாடி?" பேத்தி எடுத்த ஆயா அவர். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்களுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது.

சில பெண்களுக்குப் படிக்க ஆசை இருக்கும், வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்து வாய் திறக்க மாட்டார்கள். சிலருக்குப் படித்தது போதும், வேலைக்குப் போக ஆசை. நமக்காகத் தலையாட்டுவார்கள். இரண்டையும் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கல்யாணப் பேச்சையும் அப்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். முதல் வருஷம் படிக்கும்போது நடுவில் நிறுத்தினால் காசும் போச்சு, படிப்பும் போச்சு. "படிப்பு முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு இல்ல" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால், அது உதவித்தொகையைவிடப் பெரிய உதவி. சீர் கூடக் கேட்பார்களே என்ற பயத்துக்கு ஒரே பதில்: வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். கேட்கிற வீட்டுக்குப் படிக்காத பெண்ணைக் கொடுத்தாலும் கேட்கத்தான் போகிறார்கள்.

இன்னொன்று: "இப்போ வேணாம்" என்பதும் நல்ல முடிவுதான். இரண்டு வருஷம் வேலைக்குப் போய், கையில் கொஞ்சம் சேர்த்து, எது வேண்டும் என்று தெரிந்தபின் படிக்கலாம். வேலை செய்துகொண்டே இக்னோ, புதுவைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வி போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் எம்.காம்., எம்.ஏ. படிக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யு.ஜி.சி. தெளிவாக அறிவித்திருக்கிறது.

அந்த மனு என்ன ஆயிற்று?

அடுத்த வாரம் அந்தப் பெண்ணே அம்மாவோடு சாரத்துக்கு வந்தாள். ஐந்து கேள்வியையும் கேட்டோம். "மேல்நிலை வகுப்புக்குக் கணக்கு டீச்சர் ஆகணும்" என்றாள் தெளிவாக. அப்படியானால் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும், நாலு வருஷம் ஆகும் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "தெரியும் மேடம். மாமா பி.எட். மட்டும் சொன்னார், அது பத்தாதுன்னு அப்பவே சொன்னேன். யாரும் கேக்கல" என்றாள். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார்.

முதலில் அரசு நிறுவனத்தில் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பம், சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன், அந்தக் காசு பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும். குழு ரூ.60,000 தரவில்லை. முதல் வருஷத்துக்கு ரூ.15,000 மட்டும் கடன், இரண்டாம் வருஷம் மார்க் பார்த்து மீண்டும் பேசலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். எம்.பி.ஏ. ஏஜென்டுக்கு "வேணாம்" என்று அம்மாவே போன் செய்து சொல்லிவிட்டார். அப்பா இன்னும் முழு மனதாகச் சம்மதிக்கவில்லை. "ரெண்டு வருஷம், அப்புறம் பாக்கலாம்" என்றிருக்கிறார். இடம் கிடைக்குமா என்பதும் இனிமேல்தான் தெரியும். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்றும் பேசி வைத்திருக்கிறார்கள்: ஒரு வருஷம் வேலை, மறுபடி நுழைவுத் தேர்வு.

எது நடந்தாலும், இந்த முறை கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய

1. உங்கள் குழுவில் யார் வீட்டில் டிகிரி கடைசி வருஷம் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். அந்தப் பிள்ளைகளையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

2. ஐந்து கேள்விகளையும் ஒருவர் படிக்க, மற்றவர்கள் தங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பேசுங்கள்.

3. மேலே உள்ள செலவுக் கணக்கை உங்கள் ஊர்ச் சம்பளம் வைத்துப் போட்டுப் பாருங்கள். குழுவில் படிக்கும் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள்.

4. படிப்புக் கடன் மனு வந்தால் படிப்பின் பெயர், கல்லூரி, அனுமதி விவரம், மொத்தச் செலவு நான்கும் இல்லாமல் ஏற்பதில்லை என்று தீர்மானம் போடலாமா? பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் குழுவில் பேசியதை எழுதி, மாதக் கூட்டத்துக்குச் சாரம் வரும்போது பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். மேல்படிப்பு படித்து வேலையில் இருக்கும் நம் குழுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். நாங்கள் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் மற்றப் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

கேட்போம், கணக்குப் போடுவோம், பிறகு படிக்க வைப்போம்!